மூன்றாவது பாட்டில் ஒரு மூச்சு

2 அக்டோபர் 2024, புதன்

வாங்க, இந்த நோட்டைத் திறந்தவர் யாராக இருந்தாலும் வாங்க. சுகமா? வீட்டில் எல்லாரும் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே ஒரு சொட்டு இல்லை. எங்கள் தேரிச் செம்மணல் வறுத்த சட்டி மாதிரிக் கிடக்கிறது. காலையில் செருப்பில்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டு ஆட்டுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு வந்தேன்.

எனக்கு மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போனவனில்லை. நாற்பத்து மூன்று வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து படித்த எழுத்து இது.

என் பேர் வேதக்கண். எழுபத்தைந்து வயது. எங்கள் ஊர் வேதக்கோயிலில் நாற்பது வருஷம் மணி அடித்தேன், பெருக்கினேன், பெஞ்சு துடைத்தேன். அதோடு 'தேரிக்காற்று' என்கிற குழுவில் பாடினேன். உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள், தெரிந்திருக்கும். பாட நாலு பேர், நாலு குரல், எலெக்ட்ரிக் கிட்டார், டிரம். ராக் பாட்டுத்தான், ஆனால் தமிழில். எழுபத்தொன்றில் ஆரம்பித்தோம். பாளையங்கோட்டைக் காலேஜ் விழாக்களில் பெஞ்சு மேல் ஏறி நின்று ஆடுவார்கள். எங்கள் ஊர்ப் பாதிரியார், ஐயர் என்போம், அவர் மட்டும் பிரசங்கத்தில் கிட்டாரைப் பிசாசின் விறகுக்கட்டை என்றார். அதே ஐயர் மகன்தான் பிறகு எங்களுக்கு டிரம் அடித்தான். அது தனிக் கதை.

குழுவின் தலை அருமைநாயகம். வாத்தியார். கப்பலில் வேலை பார்த்த அவன் அண்ணன் கொண்டுவந்ததுதான் கிட்டார். பாக்கியநாதன் ஒருவன், சத்தியநேசன் ஒருவன், நான் ஒருவன். நான் எப்படி இதற்குள் வந்தேன் என்றால், கோயிலில் பாடகர் குழு பழகும்போதெல்லாம் நான் பெருக்குகிற வாரியலோடு பெஞ்சுக்கு அடியில் இருப்பேன். நாலு குரலும் காதில் விழுந்து விழுந்து, யார் எதைப் பாடினாலும் எனக்கு வரும். ஒருநாள் ஒருவனுக்குக் காய்ச்சல். அவன் பாட வேண்டிய இடத்தில் பெஞ்சுக்கு அடியிலிருந்து நான் பாடிவிட்டேன். அருமைநாயகம் குனிந்து பார்த்தான். அவ்வளவுதான்.

எழுபத்தாறில் குழு உடைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. முடியை வெட்டினால்தான் பேங்க் வேலை என்று சத்தியநேசனிடம் சொன்னார்கள், வெட்டிவிட்டான். முடி போனபின் ராக் எங்கே? பதின்மூன்று வருஷம் கழித்து, எண்பத்தொன்பதில், அருமைநாயகம் எங்களை மறுபடி கூட்டி ஒரு கேசட் போட்டான். 'மறுபடியும் நால்வர்'. எட்டுப் பாட்டு. நாலு மாதத்தில் அவன் தொண்டைப் புற்றில் போய்விட்டான்.

இன்று காலை போன் செய்தது அவன் மகள் ஹெப்சிபா. அப்பா போகும்போது ஆறு வயது. இப்போது சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறாள். அந்தக் கேசட்டை ரீமாஸ்டர் பண்ணி, அதாவது பழைய நாடாவில் இருக்கிற தூசியையும் இரைச்சலையும் எடுத்துவிட்டுப் புதிதாக வெளியிடப் போகிறாளாம். கேசட் போதாது, முதலில் பதிந்த பெரிய நாடாச் சுருள் வேண்டும், அப்பா அதை உங்களிடம்தானே கொடுத்தார் என்று கேட்டாள்.

கறையான் அரித்துவிட்டது என்றேன்.

கோயிலில் நாற்பது வருஷம் மணி அடித்தவன் வாயில் இப்படி ஒரு பொய். இப்போது மூன்றாவது செம்பு தண்ணீர் குடிக்கிறேன், நாக்கு இன்னும் ஒட்டுகிறது.

3 அக்டோபர், வியாழன்

நேற்றுச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் நான் ஏதோ திருடிவிட்டதாக நினைப்பீர்கள். திருடியதும் உண்டுதான்.

மூன்றாவது பாட்டு 'செம்மண் மழை'. அருமைநாயகம் தன் மகளுக்காகக் கட்டிய பாட்டு. 'மழை வந்தா சொல்லு மகளே, மண்ணு செவக்கும் முன்னே' என்று தொடங்கும். அதில் தனிக்குரல் அவனுடையது என்று கேசட் அட்டையில் போட்டிருக்கிறது. ஹெப்சி அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அப்பாவின் முகம் மறந்துவிட்டது பெரியப்பா, குரல் மட்டும் மறக்கவில்லை என்று சொல்வாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, அந்தப் பாட்டை ஓடவிட்டு, "அப்பா எப்படிப் பாடிருக்காங்க, கேட்டீங்களா?" என்பாள். கேட்டேன்மா என்பேன்.

பாடினது அவன் இல்லை. நான்.

ஏழு பாட்டை எப்படியோ தள்ளிவிட்டான். இந்தப் பாட்டில் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. சும்மா சொல்லக் கூடாது, யார் பாடினாலும் லேசில் ஏற முடியாது. அவனுக்குக் குரல் உடைந்து இரத்தம் வந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் பரோட்டா தின்னப் போயிருந்தார்கள். "நீ என்னைய மாதிரி பாடிரு" என்றான். அவன் பாடுவதை இருபது வருஷம் கேட்டவன் நான். கடைசி எழுத்தை லேசாக மூக்கில் இழுப்பான், அதுவரைக்கும் செய்தேன். பதிவு பண்ணின மனுஷனுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அந்த மனுஷனும் இன்று இல்லை. பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சுருளையும் என் கையில் கொடுத்தான்.

கேசட்டில் எல்லாம் கலந்து வரும், கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தச் சுருளில் ஒரு தடத்தில் கிட்டாரும் டிரம்மும், இன்னொன்றில் சேர்ந்து பாடுகிற குரல்கள், இன்னொன்றில் தனிக்குரல் மட்டும். கிட்டாரை விலக்கிவிட்டு அப்பா குரலை மட்டும் முதல்தடவை தனியாகக் கேட்கப் போகிறேன் என்று ஹெப்சி சொன்னாள். இதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள்.

தனியாகக் கேட்டால் தெரிந்துவிடும். அப்பா முகமும் இல்லை, குரலும் இல்லை என்று ஆகிவிடும் அவளுக்கு.

6 அக்டோபர், ஞாயிறு

கோயிலில் கரண்டு போய்விட்டது. இப்போது பாட்டெல்லாம் திரையில்தான் போடுகிறார்கள், புஸ்தகம் யாரும் கொண்டுவருவதில்லை. திரை இருட்டானதும் இருநூறு பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். மீன் தொட்டி மாதிரி இருந்தது.

முன்னே இதற்கு ஒரு வழி இருந்தது. என்னைப் போல எழுத்துத் தெரியாதவர்கள் பாதிச் சபை. ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் முதலில் ஒரு வரியைச் சத்தமாகச் சொல்லுவார், சபை அதைப் பாடும். அடுத்த வரியைச் சொல்லுவார், பாடும். வரி கொடுப்பது என்போம். யோனத்தான் உபதேசியாருக்கு முன்பல் இரண்டு கிடையாது. அவர் 'சீயோன்' என்றால் காற்றுத்தான் வரும். நாங்களும் காற்றாகவே பாடுவோம். இன்று நானே எழுந்து வரி கொடுத்திருக்கலாம், பாட்டு மனப்பாடம்தான். ஆனால் வாயைத் திறக்கவே பயம். என் குரலைக் கேட்டால் யாருக்காவது ஏதாவது பொறி தட்டிவிடுமோ என்று. முப்பத்தைந்து வருஷமாகத் தட்டாதது இன்றைக்கா தட்டும்? பயத்துக்கு எங்கே கணக்கு தெரியும்.

9 அக்டோபர், புதன்

எல்லாம் போச்சு.

நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கைரேகை விழவில்லை என்று மூன்று தடவை கையைக் கழுவச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஹெப்சி போன் செய்ய, என் வீட்டுக்காரி ஞானப்பூ எடுத்திருக்கிறாள். நாடாவைக் கறையான் அரித்ததாமே பெரியம்மா என்று ஹெப்சி வருத்தப்பட்டிருக்கிறாள்.

நான் பையை இறக்கி வைக்கும் முன்னே ஞானப்பூ பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுல ஏது கறையான்? மாசம் ஒருக்க பெட்டிய வெயில்ல போடுதேன். அந்தப் பிள்ள என்ன நெனச்சிருக்கும் என்னையப் பத்தி? பிஸ்கட் டின்னுல பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேன்."

மறந்துபோச்சு என்றேன்.

"ஒங்களுக்கா மறதி? எழுவத்தி மூணுல எங்க அண்ணன் கல்யாணத்துல பாயசம் பத்தலன்னு இன்னைக்கும் சொல்லுதீய."

சனிக்கிழமை ஹெப்சியே நேரில் வருகிறாளாம்.

10 அக்டோபர், வியாழன்

டின்னை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். சுருள் நன்றாகத்தான் இருக்கிறது, பழைய புளி நிறத்தில். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். ஒரு தள்ளுத்தான்.

குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே, பாழாகிவிடும் என்று திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

எரிக்கவும் செய்யலாம். தீப்பெட்டி நமுத்துப்போயிருக்கிறது.

12 அக்டோபர், சனி

வந்தாள். அருமைநாயகத்தின் நெற்றி அப்படியே இருக்கிறது. ஞானப்பூ கோழியடித்துக் குழம்பு வைத்திருந்தாள், எனக்கு இறங்கவில்லை. டின்னை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள், நற்கருணை வாங்குகிற மாதிரி.

மூன்றாவது பாட்டை மட்டும் பழையபடியே விட்டுவிடேன், நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுக்காகத்தானே பெரியப்பா இவ்வளவும்" என்றாள்.

கார் போனபின்பும் வாசலிலேயே நின்றேன். ஞானப்பூ வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

13 அக்டோபர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கால்வலி என்று சொல்லியாயிற்று.

17 அக்டோபர், வியாழன்

ஹெப்சி பேசினாள். நாடா பழசானால் பசை பிடித்துக்கொள்ளுமாம், அப்படியே ஓடவிட்டால் உரிந்துவிடுமாம். அதனால் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்து இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் வாட்ட வேண்டுமாம். கொஞ்சம் சூடு கூடினாலும் போச்சு என்றாள். இன்றைக்கு வாட்டுகிறேன், ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் பெரியப்பா என்றாள்.

பண்ணினேன். கொஞ்சம் சூடு கூடட்டும் என்று பண்ணினேன். பாதியில்தான் உறைத்தது. செத்தவன் மகள் தகப்பன் குரலைத் தேடுகிறாள், நான் அது உருகட்டும் என்று முழங்காலில் நிற்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று சொல்லாமலே கேட்டேன்.

சாயங்காலம் சேதி வந்தது. நாடா நன்றாக ஓடுகிறதாம்.

19 அக்டோபர், சனி

சத்தியநேசன் போன் செய்தான். இடது காது கேட்காது, ஆனால் போனை இடது காதில்தான் வைப்பான். ஏல வேதக்கண்ணு, வெளியீட்டுக்கு மேடை போடுவாங்களா, முடிக்குச் சாயம் அடிக்கட்டுமா என்று கேட்டான். எந்த முடிக்கு என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் அருமைநாயகம் மேலே ஏறுவானே, அந்த மாதிரி இந்த ஜில்லாவிலேயே ஒருவன் ஏற மாட்டான் என்றான். ஆமா என்றேன். அப்புறமும் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினான். நான் போனை வைக்கவில்லை.

21 அக்டோபர், திங்கள்

காலை பத்து மணிக்கு ஹெப்சியிடமிருந்து குரல் சேதி. ஐந்து தடவை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"பெரியப்பா, மூணாவது பாட்டுக்கு வந்துட்டேன். தனிக்குரல மட்டும் பிரிச்சுக் கேட்டேன். பாடுறது ஒருத்தர், ஆனா மூச்சு ரெண்டு கேக்குது. நான் அப்புறமா பேசுறேன்."

குரலில் சிரிப்பு இல்லை.

இரண்டு மூச்சு என்றால் என்ன? என் மூச்சு ஒன்று. அந்தச் சின்ன அறையில் வேறு யார்? தரையைப் பார்த்தேன், எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

22 அக்டோபர், செவ்வாய்

போன் வரவில்லை.

23 அக்டோபர், புதன்

வரவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்துவிடுகிறேன்.

25 அக்டோபர், வெள்ளி

மழை பெய்தது. தேரி சிவந்து கிடக்கிறது. ஞானப்பூவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"எனக்கு அப்பமே தெரியும்" என்றாள்.

எப்படி என்றேன்.

"ஒங்க கூடப் படுத்துக் குறட்டையக் கேக்கவளுக்குக் கொரலு தெரியாதா? நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன்."

முப்பத்தைந்து வருஷம். உலகத்தில் பயப்படாமல் இருக்கிறவர்கள் எல்லாம் எங்கேதான் கற்றுக்கொள்கிறார்களோ.

26 அக்டோபர், சனி

"நாளைக்கு நேர்ல வாரேன்." இவ்வளவுதான் சேதி. பெரியப்பா என்று கூட இல்லை.

27 அக்டோபர், ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி. இப்போது ஹெப்சி முன்னறையில் ஞானப்பூவோடு இருக்கிறாள். நான் உள்ளே வந்து எழுதுகிறேன். அவசர எழுத்து, பிடிபடாவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு வந்தாள். தண்ணீர்கூட வாங்கவில்லை. நாற்காலியை என் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அது அப்பா இல்ல, நீங்கதானே?"

தலையை ஆட்டினேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா உங்க குரலக் கேட்டு அழுதிருக்கேன் பெரியப்பா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்களுக்கே போன் போட்டு உங்க பாட்டையே கேக்க வச்சிருக்கேன். நீங்களும் கேட்டேன்மா கேட்டேன்மான்னு சொன்னீங்க." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். "ஒரு தடவகூடச் சொல்லத் தோணலையா?"

சத்தியம் வாங்கினான் என்றேன். இரத்தம் வந்ததைச் சொன்னேன், கைக்குட்டையைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. பிறகு பையிலிருந்து காதில் மாட்டுகிற கருவியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள். கேளுங்க என்றாள்.

முதலில் என் மூச்சு. அப்புறம், நான் பாடத் தொடங்கும் முன்னால், யாரோ. ஓலைக்குள் காற்று உரசுகிற மாதிரி. 'மழை வந்தா சொல்லு மகளே.' அவ்வளவு மெதுவாக. அது முடிந்ததும் நான் பாடுகிறேன், 'மழை வந்தா சொல்லு மகளே' என்று, நாற்பது வயதுக் குரலில், கிட்டார் இல்லாமல், அம்மணமாக. மறுபடியும் அந்த ஓலைச் சத்தம். 'மண்ணு செவக்கும் முன்னே.' மறுபடியும் நான்.

மறந்தே போயிருந்தேன். சத்தியமாக மறந்தே போயிருந்தேன். பாட்டை அவன் முந்தின நாள்தான் எழுதியிருந்தான். மற்றப் பாட்டெல்லாம் பழகிப் பழகி மனப்பாடம், இது புதுசு. தாளைக் கையில் கொடுத்தால் எனக்கு எறும்பு வரிசைதான். வேதக்கண்ணுக்குத் தாளே வேண்டாம், எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது என்று சத்தியநேசனும் பாக்கியநாதனும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது குழுவில் அருமைநாயகம் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதனால் என் தோளுக்குப் பின்னால் நின்று, காதோடு காதாக, வரி கொடுத்தான். யோனத்தான் உபதேசியார் மாதிரி. அந்தத் தொண்டையோடு, இருபத்து நாலு வரிக்கும். என் வாய்க்கு முன்னால் இருந்த மைக் அதையும் பிடித்து வைத்திருக்கிறது. கேசட்டில் கிட்டாருக்குள் அமுங்கிப் போயிற்று.

மேலே ஏறுகிற இடத்தில் பாடின வரிதான் திரும்ப வரும், அங்கே மட்டும் அவன் வரி கொடுக்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கூடவே ஏறுகிறான், சத்தமில்லாமல்.

பாட்டு முடிந்ததும் கருவியைக் கழற்றப் போனேன். ஹெப்சி என் கையைப் பிடித்து இன்னும் இருக்கு என்றாள்.

காலடிச் சத்தம். அது நான். எப்படி வந்திருக்கிறது என்று கேட்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன், ஞாபகம் இருக்கிறது. நாடாவை அந்த மனுஷன் நிறுத்தவில்லை போல. அறைக்குள் அருமைநாயகம் மட்டும். இருமுகிறான். பிறகு தனக்குத் தானே சொல்லுகிறான்.

"நல்லா வந்துட்டு. பாவம், அவன்கிட்டப் போயி சத்தியம் வாங்கிட்டேன். பிள்ளகிட்ட நானே சொல்லிருதேன்."

சொல்லாமல்தான் போனான். நாலு மாதம் இருந்தது, சொல்லவில்லை. அவனுக்கும் பயம்தான் போலிருக்கிறது.

நான் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மன்னிச்சிரும்மா, ஒங்க அப்பா கொரல ஒனக்கு இல்லாம ஆக்கிட்டேன் என்றேன்.

"அஞ்சு நாளு உங்க மேல அவ்வளவு கோவம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு. ஆனா அப்பா சொல்லிட்டாங்க பெரியப்பா. லேட்டாச் சொல்லிருக்காங்க, அவ்வளவுதான்."

அப்போதுதான் ஞானப்பூவிடம் தண்ணீர் கேட்டாள்.

இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த ஓலைக்குரலை அவள் அமுக்கப் போவதில்லையாம். கூட்டி வைக்கப் போகிறாளாம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கேட்டால் சத்தியநேசன் என்ன நினைப்பான்? ஊர் என்ன சொல்லும்? தாளே வேண்டாத வேதக்கண்ணுக்கு ஒவ்வொரு வரியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இந்த வயதில். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். புது அட்டையில் மூன்றாவது பாட்டுக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள், அந்தக் கையெழுத்தையே அச்சுப் போடுகிறேன் என்றாள். என் கையெழுத்தை. அச்சில்.

அதுதான் உள்ளே வந்தேன். தாளில் எழுதும் முன்னே இங்கே ஒருதடவை எழுதிப் பார்த்துவிடுகிறேன். தப்பு வந்தால் தாள் பாழாகிவிடும், ஒரே தாள்தான் கொடுத்திருக்கிறாள்.

செம்மண் மழை. பாடினது வேதக்கண். இந்த 'ண்' எனக்கு எப்போதும் தகராறுதான், அறிவொளி டீச்சர் இதற்கே என்னை ஒரு வாரம் உட்கார வைத்தாள், அவள் தூத்துக்குடிப் பக்கம், அவள் வீட்டில் ஒரு கிளி உண்டு, அந்தக் கிளி

ஹெப்சி கூப்பிடுகிறாள். எழுதியாச்சா பெரியப்பா என்கிறாள். இதோ வாரேன்மா. இன்னும் ஒரு வரிதான்.

பாடினது வேதக்கண். வரி கொடுத்தது அருமைநா